பழைய புல்லட் இன்ஜினைப் பிரித்தாச்சு, எதை மாற்றுவது?

இன்ஜினைப் பிரிப்பது பெரிய வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒத்தாசைக்கு ஒரு ஆளும் இருந்தால், பொழுது சாய்வதற்குள் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) புல்லட்டின் ஹெட் (சிலிண்டரின் மூடி), சிலிண்டர், கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) எல்லாம் தனித்தனியாகச் சாக்கின் மேல் கிடக்கும். வினை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஸ்பேர் கடைக்காரர், "எல்லாத்தையும் மாத்திடுங்க சார், நிம்மதியா இருக்கலாம்" என்பார். மெக்கானிக் அண்ணன் ஒரு கேமை (வால்வைத் திறக்கத் தள்ளும் புடைப்புள்ள சாமான்) எடுத்துத் துணியில் துடைத்துவிட்டு, "இதுக்கு என்ன கேடு, இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்பார். இருவரும் நல்லவர்கள்தான். ஆனால் இருவருமே அளந்து பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

நான் முதலில் கட்டிய இன்ஜினில் கடைக்காரர் பேச்சைக் கேட்டேன். பிஸ்டன் செட், வால்வு, கேம், டேப்பட், பேரிங் என்று பை நிறைய வாங்கிப் போட்டாயிற்று. அறுநூறு கிலோமீட்டர் தாண்டவில்லை, வலது பக்கம் 'சடசட' என்று சத்தம். திறந்து பார்த்தால், கேமின் மேல் ஏறி இறங்கும் புது டேப்பட்டின் அடிப்பக்கம் அம்மை போட்ட மாதிரி குழி குழியாக இருக்கிறது. கழற்றி வீசிய பழைய டேப்பட், ஹார்லிக்ஸ் பாட்டிலில் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் திரும்பப் போட்டேன். இன்றும் அதுதான் ஓடுகிறது.

அதிலிருந்து ஒவ்வொரு சாமானையும் கையில் எடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்கிறேன். ஒன்று, அளவு என்ன சொல்கிறது? இரண்டு, இது பிறகு கெட்டுப்போனால் திரும்ப இந்த இடத்துக்கு வர எவ்வளவு வேலை? ஹெட், சிலிண்டர், வலது பக்கப் பல்சக்கரங்களை மூடும் டைமிங் கவர் ஆகியவற்றை இன்ஜின் வண்டியிலேயே இருக்கும்போது கழற்றலாம். அங்கே இருக்கும் சாமான் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணலாம். கிராங்க் கேஸுக்குள் இருப்பவற்றுக்கு மொத்த இன்ஜினையும் இறக்க வேண்டும். அங்கே சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுவது லாபம்.

இங்கே நான் சொல்வது 350 சிசி காஸ்ட் அயர்ன் புல்லட். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து, திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய அதே வண்டி. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. என்ற அடிப்படை அரை நூற்றாண்டு மாறவில்லை. அதனால் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் இன்றும் சாமான் கிடைக்கிறது. அதே காரணத்தால் உங்கள் இன்ஜினுக்குள் நான்கு காலத்துச் சாமான்கள் கலந்து கிடக்கவும் வாய்ப்பு உண்டு. 1970-களின் கேஸில் 1990-களின் கிராங்க், எந்த ஊரிலோ கடைந்த புஷ் (தண்டு சுற்றும் உலோக வளையம்) எல்லாம் இருக்கும். அதனால் புத்தகத்தில் இருக்கிற அளவை மட்டும் நம்பாமல், கையில் இருப்பதை அளந்து பாருங்கள்.

பிரிப்பதற்கு முன்னால் காது கொடுங்கள்

வண்டி ஓடும் நிலையில் இருந்தால், உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் 'கடகட' என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால் அது பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிற சத்தம். சூடானபின், மேட்டில் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்தால் பிக் எண்டை, அதாவது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கன்ராடின் அடிமுனையை, சந்தேகப்படுங்கள். புகையும் சொல்லும். எப்போதும் நீலப் புகை என்றால் ரிங், சிலிண்டர். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடி வந்து திரும்பத் திருகும்போது மட்டும் குபீரென்று புகை வந்தால் இன்டேக் வால்வு கைடு, அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் புகைத்துவிட்டுச் சரியானால், ஆயில் பம்ப் வழியாக ஆயில் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கியிருக்கிறது. அதற்காகப் பிஸ்டனை மாற்றினால் காசுதான் போகும்.

கேட்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிரித்தபின் எல்லாச் சாமானும் ஒரே மாதிரி அழுக்காகத்தான் தெரியும்.

கழுவி அடுக்குவது

பழைய வண்டிகளில் பிரிட்டிஷ் மரை போல்ட்டுகள் இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனையை மழுக்கிவிடாதீர்கள். பம்பை ஓட்டும் வார்ம் நட்டு, அதாவது டைமிங் பக்கம் கிராங்க் முனையில் இருப்பது, இடது மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாமல் பலம் கொடுத்து முறித்தவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுங்கள். சின்ன சாமான்களுக்கு ஒரு பழைய இட்லித் தட்டைப் போல வசதி வேறில்லை. ஒரு குழியில் இன்டேக் பக்கத்து வாஷர், ஸ்பிரிங், பூட்டு. பக்கத்துக் குழியில் எக்ஸாஸ்ட் பக்கத்தது. கலக்கக் கூடாது. ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய ஜோடி அப்படியே திரும்பச் சேர வேண்டும். புகைப்படம் எடுக்க போன் இருக்கிறது, தாராளமாக எடுங்கள்.

கிராங்க்: முதலில் பார்க்க வேண்டியது

புதியவர்கள் பிஸ்டனிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் கிராங்கிலிருந்து ஆரம்பிப்பேன். பட்ஜெட்டின் பெரும்பகுதி போகிற இடம் அதுதான். அது சரியில்லை என்றால் மேலே என்ன போட்டும் பிரயோஜனம் இல்லை.

பிக் எண்டில் ஆயில் இருந்தால் தேய்மானத்தை அது மறைத்துவிடும். அதனால் மண்ணெண்ணெய் ஊற்றி, கன்ராடைச் சுற்றிச் சுற்றி நன்றாகக் கழுவி, காய விடுங்கள். கிராங்க் பின் உச்சிக்கு வருமாறு வைத்து, கன்ராடை இரண்டு கையாலும் பிடித்து நேர் மேலே இழுத்து, நேர் கீழே அழுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கைக்கு 'டக்' என்று ஒரு தட்டல் வந்தால் பிக் எண்ட் போய்விட்டது. இதில் ஒரு ஏமாற்று உண்டு. கன்ராடின் மேல்முனையைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் தாராளமாக ஆடும். அது அப்படித்தான் ஆட வேண்டும், பக்கவாட்டு இடைவெளி வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பயந்து நல்ல கிராங்கைப் பிரித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பழைய புல்லட்டில் பிக் எண்டுக்கு ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான். பின்னுக்கும் கன்ராடுக்கும் நடுவே தளர்வாக உட்கார்ந்து, தானும் சேர்ந்து சுற்றும். சுத்தமான ஆயில் தடையில்லாமல் வரும்வரை அதற்கு ஆயுசு கெட்டி. தட்டல் இருந்தால் கன்ராடு, பின், புஷ் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். புஷ்ஷை மட்டும் மாற்றுவது தேய்ந்த செருப்புக்குப் புது வார் போடுகிற கதை. பலர் இந்தச் சந்தர்ப்பத்தில் ரோலர் பேரிங்குக்கு மாறிவிடுவார்கள். நல்ல கை செய்தால் அதுவும் சரிதான். எதைப் போட்டாலும் கிராங்கைச் சேர்த்தபின் டயல் கேஜில் வைத்து, இரண்டு பக்க ஷாஃப்ட்டும் 0.03 மி.மீ.க்கு மேல் கோணாமல் ஓடுகிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். "கை சுத்தம், பாக்க வேணாம்" என்கிற பட்டறையிலிருந்து கிராங்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

தட்டல் இல்லையா? அப்படியே விடுங்கள். ஆனால் ஷாஃப்ட் முனையிலிருந்து பின்னுக்குப் போகும் ஆயில் துவாரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சால் பெட்ரோல் அடித்துப் பாருங்கள். மை போல் கசடு வரும். தெளிவாக வரும்வரை அடியுங்கள்.

மெயின் பேரிங்குகளைக் கழுவி, உலரவைத்து, கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுகிற மாதிரி உணர்வு, ஓடுபாதையில் குழி, நீலம் பாய்ந்த நிறம் இதில் ஏதாவது இருந்தால் மாற்ற வேண்டியதுதான். கம்ப்ரஸர் காற்றில் 'விர்ர்' என்று சுற்றவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள், பேரிங் அதிலேயே கெடும். இங்கேதான் என் இரண்டாவது கேள்வி வேலை செய்கிறது. பேரிங் சுமாராக இருந்தாலும், கேஸைப் பிளந்தாயிற்று என்றால் நல்ல கம்பெனி பேரிங்காக வாங்கிப் புதிதாகவே போட்டுவிடுவேன். பேரிங் விலை அதிகமில்லை, திரும்ப இன்ஜினை இறக்குவதுதான் அதிகம். பழைய பேரிங்கைச் சுத்தியலால் அடிக்காமல் கேஸைச் சூடாக்கிக் கழற்றுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்ர்' என்று பொரிய வேண்டும், அந்தச் சூடு போதும். சூடாக்காமலே பேரிங் கையோடு வந்துவிட்டால் அதுதான் கவலை. வெளி வளையம் கேஸுக்குள் சுற்றி, அலுமினியத்தை அரித்திருக்கிறது. புது பேரிங் அங்கே நிற்காது. கேஸுக்கு லேத்தில் வேலை இருக்கிறது.

ஆயில் பம்பும் ஒரு சின்ன கார்க்கும்

டைமிங் கவரின் உள்பக்கம், கிராங்க் முனைக்கு ஆயில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன கார்க் சீல் இருக்கும். மொத்த இன்ஜினிலும் இதைவிட மலிவான சாமான் இருக்காது. இது நைந்துபோனால், பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் வழியிலேயே வெளியேறிவிடும். புது கிராங்க் போட்டு ஆயிரம் கிலோமீட்டரில் திரும்பத் தட்டல் வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கவரைத் திறந்தால் இந்தக் கார்க்கை மாற்றாமல் மூடாதீர்கள்.

பம்ப் இரண்டு. ஒன்று ஆயிலை உள்ளே தள்ளும், இன்னொன்று அடியிலிருந்து உறிஞ்சித் திருப்பி அனுப்பும். இரண்டிலும் ஒரு தட்டையான டிஸ்க், ஸ்பிரிங் அழுத்தத்தில் கவரின் மேல் உட்கார்ந்து ஆடும். டிஸ்க்கிலும் அது உட்காரும் முகத்திலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டாத மெல்லிய கோடுகள் பரவாயில்லை. தட்டினால், மிக நைசான கிரைண்டிங் பேஸ்ட் வைத்து அந்த டிஸ்க்கை அதன் இடத்திலேயே எட்டு போடுகிற மாதிரி தேய்த்து, முழு முகமும் ஒரே மங்கல் நிறமாகும்வரை கொண்டு வரலாம். அப்புறம் பேஸ்ட்டின் சுவடே இல்லாமல் கழுவ வேண்டும். வார்ம் பல் கத்தி முனை மாதிரி கூராகியிருந்தால் வார்மையும் அது ஓட்டும் ஸ்பிண்டிலையும் சேர்த்தே மாற்றுங்கள். கவருக்குள் இருக்கும் ஃபெல்ட் ஃபில்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், புதுசு போடுங்கள்.

சிலிண்டரும் பிஸ்டனும்

சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, நகத்தை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். வயல் வரப்பு மாதிரி ஒரு மெல்லிய திட்டு நகத்தில் தடுக்கும். மேல் ரிங் அதுவரைதான் வந்து திரும்புகிறது. வரப்புக்கு மேலே ரிங் தொடாத, தேயாத இடம். வரப்புக்கு நேர் கீழேதான் தேய்மானம் அதிகம், அதிலும் முன்பின் திசையில். சிலிண்டர் கழுத்தில் உள்ள கார்பனைச் சுரண்டிவிட்டு அளந்தால் அந்தத் தேயாத இடம் பழைய அளவைச் சொல்லும்.

போர் கேஜ் இருக்கும் பட்டறையில் மேல், நடு, கீழ் மூன்று உயரத்தில், முன்பின், இடம்வலம் என இரண்டு திசையில், ஆறு அளவு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ள தேய்மானம் 0.15, 0.20 மி.மீ.யைத் தொட்டுவிட்டால் போரிங்தான் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), பேச்சே இல்லை. அதற்குள் நன்றாக அடங்கி, நீளமான கீறலும் இல்லை என்றால் லேசாக ஹோனிங் செய்து (உள்சுவரைக் கல்லால் தேய்த்து), புது ரிங் போட்டு, பழைய பிஸ்டனையே ஓட்டலாம்.

கேஜ் இல்லாதவர்களுக்கு ரிங்கே கேஜ். ஒரு ரிங்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து வரப்புக்குக் கீழே வரை மெதுவாகத் தள்ளினால் ரிங் சாயாமல் நேராக நிற்கும். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பாருங்கள். இதே ரிங்கைச் சிலிண்டரின் அடிப்பக்கம், தேயாத இடத்தில் வைத்தும் பாருங்கள். மேலே உள்ள வாய் கீழே உள்ளதைவிட 0.30 மி.மீ. அதிகம் என்று வைத்துக்கொண்டால், விட்டம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.10 மி.மீ. தேய்ந்திருக்கிறது. வட்டத்தின் சுற்றளவுக் கணக்குதான், பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே உதவுகிறது. புது ரிங்குக்கு 0.30 மி.மீ.க்குக் குறையாமல் வாய் இருக்கட்டும். சூட்டில் விரிந்து முட்டிக்கொண்டால் ரிங் உடையும்.

பிஸ்டனில் மூன்று இடம் பாருங்கள். புது ரிங்கை மேல் பள்ளத்தில் வைத்தால் மேலும் கீழும் லொட லொட என்று ஆடக் கூடாது. பள்ளம் அகன்ற பிஸ்டனுக்கு எந்த ரிங்கும் உதவாது. பிஸ்டனின் கீழ்ப்பாகமான பாவாடைப் பக்கம் ஜாம் ஆன தழும்பு இருக்கிறதா பாருங்கள். லேசான தேய்ப்பு பரவாயில்லை, அலுமினியம் வழிந்து ரிங்கை மூடியிருந்தால் தூக்கிப் போடுங்கள். பின் துவாரத்தில் விரிசல் இருந்தாலும் அப்படியே. பிஸ்டன் பின்னைச் சிறிய முனை புஷ்ஷில் செருகி ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் புது புஷ் அடித்து, ரீமரால் துவாரத்தை அளவுக்குச் சீவ வேண்டும். பின்னின் இரண்டு முனையிலும் உள்ள பூட்டு வளையமான சர்க்லிப்பைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. ஒரு வேளை டீ காசு மிச்சம் பிடித்து ஒரு சிலிண்டரைக் கிழித்துக்கொள்ள வேண்டாம்.

போரிங் என்று முடிவானால் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்குங்கள். அதைக் கையில் கொண்டுபோய், "இந்தப் பிஸ்டனுக்கு போர் பண்ணுங்க" என்று லேத்காரரிடம் கொடுங்கள். 20 ஓவர் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, சுமார் 0.50 மி.மீ. பெரிது. பெட்டியில் அப்படிப் போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் வித்தியாசம் இருக்கும். எந்த அளவு சுத்தமாக வருகிறதோ அதில் நிறுத்துங்கள். 10-ல் தேய்மானம் போய்விடும் என்றால் எதற்கு 30? இந்தச் சிலிண்டர் இன்னும் இரண்டு மூன்று தடவை போரிங் தாங்க வேண்டாமா? 40-ஐயும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் என்ற உள்குழாய் போட்டு 70 மி.மீ.க்கே திரும்பி வரலாம்.

ஹெட், டைமிங்

வால்வைக் கொஞ்சம் தூக்கி, பக்கவாட்டில் ஆட்டுங்கள். எக்ஸாஸ்டில் சற்றுக் கூடுதல் ஆட்டம் இருக்கும், இன்டேக்கில் அது கூடாது. கைடை மாற்றினால் வால்வு உட்காரும் சீட்டையும் புதிதாக வெட்டியாக வேண்டும், இல்லையென்றால் வால்வு நடுவில் உட்காராது. ஆகவே சும்மா மாற்றிவைப்போம் என்று கைடில் கை வைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கத்தியாக மெலிந்திருந்தால், எரிந்து கருகியிருந்தால் மாற்றுங்கள். மற்றபடி பேஸ்ட் வைத்துத் தேய்த்து, ஸ்பிரிங்கோடு பூட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். அடியில் ஈரம் கசியாவிட்டால் வேலை முடிந்தது. ஸ்பிரிங்கைப் புதுசின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள், குட்டையாகிவிட்டிருந்தால் மாற்றுங்கள்.

கேம், டேப்பட், டைமிங் பல்சக்கரம் மூன்றும் என் கட்சியில் 'விட்டுவிடு' பட்டியல். குழியோ செதிலோ இல்லாத பழைய கேமை மாற்ற ஒரு காரணமும் கிடையாது. குழி விழுந்தால் கேமும் அதைத் தொடும் டேப்பட்டும் ஜோடியாகப் போக வேண்டும். ஒரு பல்சக்கரத்தை மட்டும் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் 'ஊய்ங்' என்று ஊளையிடும், அதைக் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

கேஸ்கட், ஆயில் சீல், பூட்டு வாஷர் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் புதுசு. சிலிகான் பேஸ்ட்டைப் பல்பொடி மாதிரி அப்பாதீர்கள். பிதுங்கி உள்ளே போகிற துண்டு ஆயில் துவாரத்தைத்தான் தேடிப்போய் அடைக்கும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

பட்டியலோடு கடைக்குப் போங்கள், கூடவே வெர்னியரும் பழைய சாமானும். புது பின், புது புஷ், புது வால்வு எதுவாக இருந்தாலும் கடையிலேயே அளந்து ஒப்பிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். பழைய சாமான்களை வண்டி இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை எடைக்குப் போட வேண்டாம்.

கட்டி முடித்ததும் டைமிங் கவரில் ஃபில்டர் அறையை ஆயிலால் நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கிக் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை ஹெட் பக்கம் லேசாகத் தளர்த்திப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஆயில் கசிய வேண்டும், வராவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை வெள்ளைத் துணி விரித்த தட்டில் இறக்குங்கள். சாம்பல் நிறத்தில் நைசான கசடு என்றால் ரிங்கும் சிலிண்டரும் பழகிக்கொண்டிருக்கின்றன. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது பித்தளை நிறத்தில் மினுமினுத்தால் சிறிய முனை புஷ்ஷிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்.